குடும்ப வரலாறு

திருவண்ணாமலையில் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் முன்னால் உட்காரும் பலரிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "முட்டைகூடத் தொடமாட்டேன் டாக்டர். கிருத்திகை, பிரதோஷம்னு விரதம் வேற. பௌர்ணமி தவறாம கிரிவலம் போறேன். எனக்கு எப்படிங்க கொலஸ்ட்ரால்?"

நியாயமான கேள்வி. பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடப்பவருக்கு, அசைவத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவருக்கு, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 190 என்று தாளில் அச்சாகி வந்தால் கோபம் வரத்தான் செய்யும். கொலஸ்ட்ரால் வாய் வழியாகத்தான் உடம்புக்குள் வருகிறது, நடந்தால் கரைந்துவிடும் என்ற இரண்டு நம்பிக்கைகள் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மிச்ச உண்மையைத் தேடிப் போனவர்களில் ஒருவர், தமிழ்ப் பெயர் தாங்கிய அமெரிக்க இதயநோய் மருத்துவர் சேகர் கதிரேசன். இந்த அத்தியாயம் அவருடைய தேடலைப் பற்றியது.

கல்லீரல் என்னும் ஆலை

தீபத் திருநாளுக்கு மலையுச்சிக் கொப்பரைக்கு நெய்க் காணிக்கை செலுத்தும் ஊரில், எல்லாப் பழியையும் நெய்யின் மேல் போடுவது எளிது. 100 கிராம் நெய்யில் சுமார் 250 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மைதான். ஆனால் நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு நாம் சாப்பிட்டது அல்ல, உடம்பு தானே செய்துகொண்டது. ஒவ்வொரு உயிரணுவின் சவ்வுக்கும் அது வேண்டும். பித்தநீர், வைட்டமின் டி, பாலின ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் அதுவே மூலப்பொருள். இவ்வளவு அவசியமான ஒன்றை உடம்பு சாப்பாட்டை நம்பி விட்டுவைக்கவில்லை.

இரண்டே கார்பன் அணுக்கள் கொண்ட சிறு துண்டுகளைக் கோத்து, ஏறக்குறைய முப்பது படிகளில் 27 கார்பன் கொண்ட கொலஸ்ட்ரால் மூலக்கூற்றை நம் உயிரணுக்கள் கட்டுகின்றன. அந்தப் பாதையைக் கண்டறிந்ததற்காகக் கோன்ராட் பிளாக், ஃபியோடர் லினென் இருவருக்கும் 1964-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த இரண்டு கார்பன் துண்டு நெய்யிலிருந்தும் வரும், சோற்றிலிருந்தும் வரும். எனவே சைவமாக இருப்பதால் மட்டும் கல்லீரல் உற்பத்தியை நிறுத்திவிடாது. நெய், தேங்காய் எண்ணெய், வனஸ்பதி போன்றவற்றின் நிறைவுற்ற கொழுப்பு செய்யும் கெடுதல் வேறு வகையானது. ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை வாரி எடுக்கும் கல்லீரலின் திறனை அது குறைத்துவிடுகிறது.

அந்த வாரி எடுக்கும் வேலையைச் செய்வது எது என்பதை 1970-களில் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் அணுக்களின் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து மிதந்து வரும் எல்.டி.எல். துகளை அது பிடித்துக்கொண்டு அணுவுக்குள் போகும், சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப மேற்பரப்புக்கு வரும். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிணறுகளில் முன்பு ஓடிய கமலையை நினைத்துக்கொள்ளலாம். சால் இறங்கும், மொள்ளும், கொட்டும், வெறுமையாகத் திரும்பும். ஓர் ஏற்பி ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது ஏறத்தாழ பத்து நிமிடம். ஒரு நாளுக்கும் குறைவான தன் ஆயுளில் அது நூற்றுக்கு மேற்பட்ட சுற்றுகள் சுற்றிவிடும். இந்த ஏற்பியின் மரபணுவில் பழுதோடு பிறப்பவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே ரத்தத்தில் எல்.டி.எல். ஏறி நிற்கும். குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால் எனப்படும் இந்தக் கோளாறு சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

வரலாறு படித்த மருத்துவர்

கதிரேசன் மருத்துவத்துக்கு வந்த வழி வழக்கமானதல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவர் இளங்கலைப் பட்டம் பெற்ற பாடம் வரலாறு. 1992-ல் அதை முடித்துவிட்டு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனார், 1997-ல் மருத்துவரானார். பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இதயநோய்ப் பயிற்சி பெற்றார். பிறகு ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வில் சேர்ந்தார்.

ஃபிரேமிங்ஹாம் பாஸ்டனுக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். 1948-ல் அங்கே 5,209 பேரைச் சேர்த்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்தார்கள். ரத்த அழுத்தம், புகை, கொலஸ்ட்ரால் ஆகியவை மாரடைப்புக்கு முன்னோடிகள் என்று இன்று எந்த ஊர் மருத்துவரும் சொல்வதற்கு அடிப்படை அந்த ஊர் மக்கள் தந்த ரத்தமும் நேரமும்தான். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்கூட பிறகு ஆய்வில் சேர்ந்தார்கள். ஒரு நோய் தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்குகிறது என்பதைப் பார்க்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

மரபணுத் தொகுதியை முழுமையாகப் படிக்கும் கருவிகள் வந்த காலமும் அதுவே. பிராட் என்ற மரபணு ஆய்வு நிறுவனத்தில் கதிரேசன் ஒரு கேள்வியைத் தன் கேள்வியாக்கிக்கொண்டார். இள வயதிலேயே சிலருக்கு ஏன் மாரடைப்பு வருகிறது? அதே போல் சாப்பிட்டு, அதே போல் வாழும் வேறு சிலருக்கு ஏன் வருவதேயில்லை?

அந்தக் கேள்வி அவருடைய வீட்டுக்குள்ளும் இருந்தது. குடும்பத்தில் இதயநோய் உண்டு. 2012-ல் அவருடைய அண்ணன் மாரடைப்பால் இறந்தார். வயது 42. இதயநோயின் மரபியலில் உலகின் முன்னணி ஆய்வாளர்களில் ஒருவராக இருந்தும் சொந்த அண்ணனைக் காப்பாற்ற முடியவில்லை என்ற வேதனையே தன் வேலையின் திசையை மாற்றியது என்று கதிரேசன் பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். நோயின் காரணத்தை விளக்குவதோடு நின்றுவிடாமல், அது வருவதற்கு முன்பே தடுக்கும் மருந்தைச் செய்ய வேண்டும் என்பதே அந்தத் திசை.

நல்ல கொழுப்பு பற்றிய கணக்கு

அதே 2012-ல்தான் அவருடைய குழுவின் மிக முக்கியமான ஆய்வுகளில் ஒன்று 'லான்செட்' இதழில் வந்தது. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். லிப்பிட் ப்ரொஃபைல் தாளைப் பார்த்த எல்லோருக்கும் எச்.டி.எல். தெரியும். அது நல்ல கொழுப்பு, கூடினால் நல்லது, குறைந்தால் ஆபத்து. எச்.டி.எல். அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஃபிரேமிங்ஹாம் உட்படப் பல ஆய்வுகள் காட்டியிருந்தன. அதை ஏற்றிவிட்டால் இதயம் பிழைக்கும் என்று நம்பி மருந்து நிறுவனங்கள் பெரும்பணம் செலவழித்தன. டோர்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.-ஐ நன்றாக ஏற்றியது, ஆனால் அதைச் சாப்பிட்டவர்களிடையே இறப்பும் கூடியதால் 2006-ல் சோதனையே நிறுத்தப்பட்டது.

கோளாறு அந்த ஒரு மருந்திலா, நம்பிக்கையின் அடிப்படையிலேயா? இதைத் தீர்க்கக் கதிரேசன் குழு கையாண்ட முறை அழகானது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் எந்த மரபணு வடிவம் ஒரு குழந்தைக்கு வந்து சேரும் என்பது தற்செயல். அது அந்தக் குழந்தை பிற்காலத்தில் புகைக்குமா, நடக்குமா, வசதியாக வாழுமா என்பதைப் பார்த்து வருவதில்லை. எனவே எச்.டி.எல்.-ஐ மட்டும் பிறவியிலேயே கொஞ்சம் ஏற்றிவைக்கும் மரபணு வடிவம் ஒன்று கிடைத்தால், அதைப் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிடலாம். இயற்கை வாழ்நாள் முழுவதும் நடத்திய மருந்துச் சோதனைக்குச் சமம் அது.

எண்டோதீலியல் லைபேஸ் என்ற நொதியின் மரபணுவில் அப்படி ஒரு வடிவம் இருந்தது. நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேரிடம் அது உண்டு. அவர்களுக்கு எச்.டி.எல். சுமார் 5 மில்லிகிராம் கூடுதல். பழைய கணக்குப்படி அவர்களுக்கு மாரடைப்பு 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். மாரடைப்பு வந்த 20,000-க்கும் மேற்பட்டவர்களையும் வராத 95,000-க்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். எந்தக் குறைவும் இல்லை. எல்.டி.எல்.-ஐக் கூட்டும் மரபணு வடிவங்களை அதே முறையில் சோதித்தபோது அவை மாரடைப்பைக் கூட்டுவது தெளிவாகத் தெரிந்தது.

எச்.டி.எல். ஓர் அடையாளமே தவிர, காரணம் அல்ல. உடல் உழைப்பு, ஒல்லியான வயிறு, கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை ஆகியவை உள்ளவர்களிடம் அது கூடுதலாக இருக்கிறது. காக்கிறவை அந்தப் பழக்கங்கள், அந்த எண் அல்ல. பல்லாண்டு நம்பிக்கையையும் பல ஆயிரம் கோடி முதலீட்டையும் மறுக்கும் முடிவு அது. தரவு அப்படிச் சொன்னதால் கதிரேசன் அப்படியே எழுதினார். அவருடைய பணியில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். "எனக்கு நல்ல கொழுப்பு அதிகம், அதனால் கெட்ட கொழுப்பு கூடினாலும் பரவாயில்லை" என்று இன்றும் ஆறுதல் தேடுபவர்கள் நம் ஊரில் பலர். அந்த ஆறுதலுக்கு ஆதாரம் இல்லை.

வடத்தை அறுக்கும் புரதம்

எல்.டி.எல். பக்கம் கதை வேகமெடுத்தது வேறொரு மரபணுவால். 2003-ல் மான்ட்ரியல் நகரின் நபீல் செய்தா, பாரிஸின் மரியான் அபிஃபதேல், கேத்தரின் பொய்லோ ஆகியோர், கொலஸ்ட்ரால் மிகுந்த பிரெஞ்சுக் குடும்பங்களில் பிசிஎஸ்கே9 என்ற மரபணு மாறியிருப்பதைக் கண்டார்கள். அந்த மரபணு தரும் புரதம் எல்.டி.எல். ஏற்பியைப் பிடித்து, திரும்பி வரவிடாமல் அணுவுக்குள்ளேயே அழியச் செய்கிறது. கமலையின் வடத்தை அறுத்துவிட்டால் சால் கிணற்றோடு போய்விடும் அல்லவா, அந்த வேலை. பிரெஞ்சுக் குடும்பங்களில் இந்தப் புரதம் அளவுக்கு மீறி வேலை செய்தது.

அப்படியானால் பிறவியிலேயே இந்தப் புரதம் குறைவாக உள்ளவர்களுக்கு என்ன ஆகும்? டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் இருவரும் அப்படிப்பட்டவர்களைத் தேடினார்கள், கிடைத்தார்கள். 2006-ல் வெளியான ஆய்வில், பிசிஎஸ்கே9 மரபணுவின் ஒரு பிரதி முடங்கிய கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவாக இருந்தது. பதினைந்து ஆண்டுக் காலத்தில் அவர்களுக்கு வந்த இதயநோயோ 88 சதவீதம் குறைவு. இரண்டு பிரதிகளும் முடங்கிய ஓர் இளம்பெண்ணுக்கு எல்.டி.எல். வெறும் 14. அவர் முழு ஆரோக்கியத்துடன் இருந்தார்.

28 எங்கே, 88 எங்கே! இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குக் காரணம் காலம். ஐம்பது வயதில் மாத்திரை தொடங்குபவருக்கு, அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்தது படிந்ததுதான். இவர்களுக்கோ பிறந்த நாளிலிருந்தே குறைவு. எல்.டி.எல். எவ்வளவு என்பதோடு, எத்தனை ஆண்டுகள் என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். கதிரேசனின் வேலை முழுவதையும் ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நான் சொல்வது இந்தப் பெருக்கல் கணக்கைத்தான்.

மருந்துகள் வரிசையாக வந்தன. கல்லீரலின் உற்பத்தியைக் குறைத்து ஏற்பிகளைக் கூட்டும் ஸ்டாட்டின், ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ பூஞ்சைகளில் தேடியதன் பயனாக, 1987-லேயே விற்பனைக்கு வந்திருந்தது. பிசிஎஸ்கே9 புரதத்தைப் பிடித்து அகற்றும் ஊசிகள் 2015-ல் அனுமதி பெற்றன. ஆனால் மாத்திரை தினமும், ஊசி மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ, வாழ்நாள் முழுவதும். உடம்பில் எந்த வலியும் இல்லாத ஒருவர் வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிடுவது எவ்வளவு கடினம் என்று மருத்துவர்களுக்குத் தெரியும். ஓர் அட்டை முடிந்ததும் நிறுத்திவிடுபவர்கள் ஏராளம்.

ஓர் எழுத்து

2018-ல் கதிரேசன், சக இதயநோய் மருத்துவர் கிரண் முசுனூரு உள்ளிட்டோருடன் வெர்வ் தெரப்யூட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பேராசிரியர் பணியை விட்டுவிட்டு முழுநேரமாக அங்கே போனார். நோக்கம், டல்லாஸில் பிறவியிலேயே சிலருக்குக் கிடைத்திருந்த பாதுகாப்பை மற்றவர்களுக்கு ஒரே ஊசியில் தருவது.

நம் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் நீளமானது. அமெரிக்க வேதியியலாளர் டேவிட் லியூவின் ஆய்வகம் 2017-ல் உருவாக்கிய கருவி, டி.என்.ஏ. இழைகள் இரண்டையும் வெட்டாமல், குறித்த இடத்தில் ஓர் 'ஏ' எழுத்தை 'ஜி' ஆக்கும். பிசிஎஸ்கே9 மரபணுவில் "இங்கே வெட்டி ஒட்டவும்" என்று உயிரணுவுக்குச் சொல்லும் குறி ஒன்று இருக்கிறது. அங்கே ஓர் எழுத்து மாறினால் குறி புரியாமல் போகும், புரதம் உருவாகாது. அந்தக் கருவியைச் செய்வதற்கான ஆர்.என்.ஏ.-வையும், இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.-வையும் நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள் வைத்து சிரை வழியாகச் செலுத்தினால் அது கல்லீரலைச் சேரும். 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்த குரங்கு ஆய்வில் ஒரே முறை செலுத்தியதும் எல்.டி.எல். சுமார் 60 சதவீதம் இறங்கியது, குறைந்தது எட்டு மாதங்கள் அப்படியே நின்றது.

2022 ஜூலையில் நியூசிலாந்தில் முதல் மனிதருக்கு அது செலுத்தப்பட்டது. குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால் உள்ளவர்களே சோதனையில் சேர்க்கப்பட்டார்கள். 2023 நவம்பரில் வெளியான முதல் முடிவுகளில், கூடுதல் அளவு மருந்து பெற்ற மூவருக்கு எல்.டி.எல். 39 முதல் 55 சதவீதம் வரை குறைந்திருந்தது.

பாதை நேராக இருக்கவில்லை. 2024 ஏப்ரலில், மருந்து பெற்ற ஒருவருக்குக் கல்லீரல் நொதி ஏறி, ரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. சில நாட்களில் சரியாகிவிட்டாலும், சோதனையில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுவனம் நிறுத்தியது. சந்தேகம் மருந்தைச் சுமந்து சென்ற கொழுப்பு உருண்டையின் மேல் விழுந்தது. புதிய வடிவத்தில் அந்த உருண்டையின் கலவை மாறியது. மேலே ஒரு சர்க்கரை மூலக்கூறும் ஒட்டப்பட்டது. ஏன் சர்க்கரை? சாதாரண உருண்டைகள் கல்லீரலுக்குள் நுழைவதற்குப் பயன்படுத்தும் வாசல் எல்.டி.எல். ஏற்பிதான். இந்த நோயாளிகளுக்கோ அந்த ஏற்பியில்தான் பிறவிக் குறை. சர்க்கரை ஒட்டிய உருண்டை கல்லீரலின் வேறொரு ஏற்பி வழியாக உள்ளே போகும். 2025 ஏப்ரலில் 14 பேரின் முடிவுகள் வந்தன. அதிக அளவு பெற்றவர்களுக்குச் சராசரியாக 53 சதவீதம், ஒருவருக்கு 69 சதவீதம் வரை குறைந்திருந்தது. மருந்தால் கடுமையான பாதிப்பு எதுவும் இல்லை. அதே ஆண்டு எலை லில்லி நிறுவனம் வெர்வை வாங்கியது.

பதினான்கு பேர் என்பது தொடக்கம்தான். மாற்றிய எழுத்தைத் திருப்பி மாற்ற வழியில்லை. பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த பிறகே இது எல்லோருக்குமான மருந்தாகலாம். அதுவரை பொறுமை வேண்டும்.

இன்றைக்குக் கையில் இருப்பது

மரபணுவே எல்லாம் என்றால் நடப்பதும் பார்த்துச் சாப்பிடுவதும் வீண்தானே என்று கேட்கலாம். இதற்கும் கதிரேசன் குழுவே பதில் தந்திருக்கிறது. 2016-ல் அவர்கள் 55,685 பேரின் தரவுகளைப் பார்த்தார்கள். புகைக்காமை, உடல் பருமன் இல்லாமை, வாரத்துக்கு ஒருமுறையாவது உடற்பயிற்சி, நல்ல உணவு என்ற நான்கில் மூன்றையாவது கடைப்பிடித்தவர்களுக்கு, மரபு ஆபத்து மிக அதிகமாக இருந்தபோதிலும், மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. சரியாகச் சொன்னால் 46 சதவீதம். எனவே கிரிவலம் போகிறவர் நடையை நிறுத்த வேண்டாம். பௌர்ணமிக்கு மட்டும் நடப்பவர் மற்ற நாட்களிலும் நடக்கட்டும். ஆனால் நடை எல்.டி.எல்.-ஐக் கொஞ்சம்தான் குறைக்கும். பிறவியிலேயே 190-ல் நிற்கும் எண்ணை அது 90-க்குக் கொண்டுவராது. அதற்கு மாத்திரை வேண்டும். மாத்திரை சாப்பிட வேண்டியிருப்பது ஒழுக்கக் குறைவின் தண்டனை அல்ல.

நம் மக்களுக்கு இது அவசரமான விஷயம். சென்னை நீரிழிவு ஆய்வு மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. பெரியவர்களில் 81.2 சதவீதம் பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு வகைக் கோளாறு இருப்பதாக அது சொல்கிறது. 2024-ல் இந்திய இதயநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, முதல் கொழுப்புப் பரிசோதனையைப் பதினெட்டு வயதிலேயே செய்யச் சொல்கிறது. வெறும் வயிறு கட்டாயமில்லை. குடும்பத்தில் இதயநோய் இருந்தால் அதற்கும் முன்பே செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் மருந்து எட்டாத தூரத்திலும் இல்லை. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு அங்கேயே கொடுக்கப்படும் முதல் தவணை மாத்திரைகளில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு அட்டோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாட்டினும் இருக்கிறது. நெஞ்சுவலி வந்த பிறகு கிராமத்துக்கே வந்துவிட்ட மாத்திரை, வலி வருவதற்கு இருபது ஆண்டு முன்பே உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒருவர் நாற்பது வயதில் விழுந்தால் "விதி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த வீட்டில் அவருடைய தம்பி இருக்கிறார், தங்கை இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று அந்தக் காரியத்துக்கு வந்தவர்கள் யாரும் சொல்வதில்லை.

கதிரேசனின் ஒற்றை ஊசி நம் ஊருக்கு வர எத்தனை ஆண்டு ஆகுமோ, அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் குடும்பத்தில் ஆண் யாருக்காவது 55 வயதுக்கு முன்போ, பெண் யாருக்காவது 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், அவருடன் பிறந்தவர்கள், அவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த மாதமே எல்.டி.எல். பாருங்கள். எண் கூடுதலாக இருந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரையைத் தொடங்குங்கள், நிறுத்தாதீர்கள்.